தனியாள்

"என் ஆல்பத்துக்குள்ள ஒரு அழுக்கு இருக்கு மிஸ். அதை எடுத்துக் குடுங்க."

ஜெபின் உட்காரக்கூட இல்லை. முகம் கொதித்துக்கொண்டிருந்தது.

மெஹருன் அவனைவிட ஆறு வயது சின்னவள். ஆனால் ஒலிப்பதிவு வேலையை அவளிடம் கற்றுக்கொண்ட எல்லாருக்கும் அவள் மிஸ்தான். சாலிகிராமத்தில் ஓர் ஒற்றை அறை ஸ்டூடியோ வைத்திருந்தாள். பேச்சு குறைவு.

மூன்று வருஷம் கதவைச் சாத்திக்கொண்டு அவன் செய்த ஆல்பம் அது. கிடார், சிந்தசைசர், டிரம் மெஷின், எல்லாம் அவன் ஒருவனே. பாட்டு கிடையாது, பாடகர் கிடையாது. இரைச்சல் ஏறி ஏறி ஒரு கட்டத்தில் உடைந்து கொட்டும். பெயர் 'தனியாள்'.

பெயருக்குக் காரணம் ரூபன். ஜெபினின் பேண்டில் எட்டு வருஷம் டிரம்ஸ் வாசித்தவன். பெங்களூர் மேடைக்கு நாலு நாள் இருக்கும்போது, வரவில்லை என்று ஒரு வரி மெசேஜ் போட்டுவிட்டுப் போய்விட்டான். பேண்ட் அதோடு செத்தது. இனி எவன் தயவும் வேண்டாம், மொத்தத்தையும் ஒண்டியாகச் செய்து காட்டுகிறேன் என்று ஜெபின் அன்றைக்குக் கறுவினான்.

அடுத்த வாரம் வெளியீடு. கடைசியாகச் சத்தத்தைத் தூக்கிச் சரிசெய்ய ஓர் இன்ஜினீயரிடம் கொடுத்திருந்தான். திரும்பி வந்ததில், ஒவ்வொரு டிரம் அடிக்கும் முன்னால் அதுவரை காதில் விழாத 'ஸ்ஸ்' ஒன்று கேட்டது. அந்த ஆளைக் கண்டபடி ஏசிவிட்டு நேரே இங்கே வந்திருக்கிறான்.

மெஹருன் நாற்பத்தெட்டு நிமிஷத்தையும் கேட்டு முடித்தாள்.

"டிரம் யாரு?"

"மெஷின்."

"மெஷினுக்குள்ள இருக்கிற அடி?"

ஜெபின் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பேண்ட் நாட்களில் பதிவுசெய்து வைத்த ரூபனின் அடி அது. அதை மெஷினில் ஏற்றி, ஆல்பம் முழுக்க ஆயிரக்கணக்கான தடவை தட்டியிருந்தான்.

"ஒரே ஒரு அடி மிஸ். மத்ததெல்லாம் என் உழைப்பு."

அவன் கொண்டுவந்த மூலப் பதிவைத் திறந்து, மற்றதையெல்லாம் நிறுத்திவிட்டு டிரம்மை மட்டும் சத்தமாக வைத்தாள்.

மூச்சு. அடி. மூச்சு. அடி.

குச்சியை ஓங்கும்போது ரூபன் பல்லிடுக்கில் காற்றை இழுப்பான். ஜெபினுக்கு உடனே தெரிந்துவிட்டது. போயும் போயும் அவன் மூச்சா?

"வெட்டுங்க அதை."

மெஹருன் மவுஸை அவன் பக்கம் தள்ளினாள். ஓர் அடியில் வெட்டினால் போதும், அத்தனை அடியிலும் போய்விடும். ஆசைதீர வெட்டினான்.

முதலிலிருந்து ஓடவிட்டாள். டிரம் சுத்தமாக இருந்தது. கிடார்தான் கெட்டுப்போயிருந்தது. படி இருக்கிறது என்று நம்பிக் கால் வைத்தவன் மாதிரி, ஒவ்வொரு தடவையும் டிரம்முக்குக் கொஞ்சம் முன்னால் தடுக்கி விழுந்தது.

தனக்குத் தாளம் தப்பாது என்று ஜெபின் கத்தினான்.

அவள் மூச்சைத் திரும்பச் சேர்த்தாள். கிடார் கச்சிதமாக உட்கார்ந்தது.

மூன்று வருஷமும் அவன் கை அடியைக் கேட்டு வாசிக்கவே இல்லை. அந்த மூச்சைக் கேட்டுத்தான் வாசித்திருக்கிறது. காதுக்குத் தெரியாதது கைக்குத் தெரிந்திருக்கிறது.

ஜெபின் ரூபனை வாய்க்கு வந்தபடி திட்டினான். விட்டுப் போனவன் என் கையையும் கெடுத்துவிட்டுப் போயிருக்கிறான் என்றான். கடைசியில் ஸ்டூடியோவில் இருந்த கிடாரை எடுத்து மாட்டிக்கொண்டான்.

"மொத்தத்தையும் திரும்ப வாசிக்கிறேன். அவன் இல்லாம."

"வாசிங்க."

அவள் ஒரு மைக்கை அவன் பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டு, மூச்சை வெட்டிய டிரம்மை ஓடவிட்டாள்.

நாலு அடி போனது. எட்டு போனது. கை இறங்கவில்லை. பதினாறும் போனது. ஜெபினுக்கு ஆத்திரத்தில் கண் கலங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு கையை ஓங்கினான்.

ஸ்ஸ்.

கை இறங்கியது. அடியோடு அடியாக, பிசகாமல்.

மெஹருன் டிரம்மை நிறுத்தினாள். மைக்கில் பதிவான அவன் மூச்சைப் போட்டுக் காட்டினாள்.

"இதையும் வெட்டணுமா?"