நடவாள் இல்லாத வீடு

கேட்டதும் தீர்ப்புச் சொல்லத் துடிக்கிறவர்கள் கொஞ்சம் வாயைக் கட்டிக்கொண்டு கேளுங்கள்.

பள்ளவயல் களிமண் பூமி. பெண்கள் சேற்றில் இறங்கி நட்டால்தான் அங்கே நெல். பெண் பிறந்தால் ‘ஒரு நடவாள் வந்தாச்சு’ என்பார்கள். இந்த வருஷம் நடவு மிஷின் வந்தது. தையல்நாயகிக்கும் மகள் குமுதத்துக்கும் வேலை போனது. புருஷன் மாசிலாமணியோ இளைப்பு நோய்க்காரர். அடுப்பு எரியாத நாட்கள் வந்தன.

அந்த நேரம் பார்த்து மேட்டுக்காட்டிலிருந்து குமுதத்தைப் பெண் கேட்டு வந்தார்கள். கல்யாணச் செலவும் தங்களுடையது என்றார்கள். மாசிலாமணி உடனே தட்டு மாற்றிக்கொண்டார். தையல்நாயகிக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. ஒரு வீட்டில் பெண்கள் எத்தனை பேர் என்பதைத் தன் ஊர் வழக்கப்படியே விசாரித்தாள்.

“உங்க வூட்டுல எத்தினி நடவாளு?”

மாப்பிள்ளையின் அப்பா சிரித்தார். “எங்களுது பொலபொலன்னு செம்மண்ணு. டிராக்டர விட்டு ஆழ உழுதா களையே தலைகாட்டாது. பொம்பளைக்குக் காட்டுல வேலையே இல்ல. உங்க மக ராணி மாதிரி இருக்கலாம்.”

கொல்லைக்குக் கை கழுவ வந்த மாப்பிள்ளையின் அம்மா இருளாயி, தையல்நாயகியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மதினி, பொண்ணக் குடுக்காதீங்க. என் மகனுக்கு முன்னால எனக்கு ரெண்டு பொட்டப்புள்ள பொறந்துச்சு. காட்டுக்கு ஆகாததுக்குச் சோறு எதுக்குன்னு ஒண்ணையும் உசுரோட வச்சுக்க விடல. நானும் வாயத் தொறக்கல. அங்க வீட்டுக்கு வீடு இதே கதைதான். அதான் பொண்ணு தேடி இம்புட்டுத் தூரம் வந்திருக்கோம்.”

“உங்க மவனுக்கு வேற எடம் அமையுமா?”

“அமையாது.”

தையல்நாயகி உள்ளே போய்த் தட்டைத் திருப்பிக் கொடுத்தாள்; இருளாயியைக் காட்டிக்கொடுக்கவில்லை. வந்தவர்கள் போனதும் அவள் விஷயத்தைச் சொல்ல, மாசிலாமணி தலையில் அடித்துக்கொண்டு அழுதார். “இங்க வச்சி என்னடி பண்ணுவ? மிஷினு வந்தாச்சு. இனிமே நம்ம ஊருலயும் பொண்ணு பாரந்தான். அங்கன்னா சோறாவது தின்னிருப்பா.”

மகள் பசியாறட்டும் என்று தட்டு மாற்றிய தகப்பன். வாசல் தேடி வந்த வாழ்வைத் திருப்பியனுப்பிய தாய். பெற்ற மகனையே தனிமரமாக்கிய இன்னொரு தாய். இவர்களில் யார் செய்தது சரி?

விடை: இருளாயி. மற்ற இருவரும் தங்கள் பிள்ளைக்காகப் பார்த்தார்கள். அவள் ஒருத்திதான் ஊரார் பிள்ளைக்காகத் தன் பிள்ளையை விட்டுக்கொடுத்தாள். அந்த வாயை அன்றே திறந்திருந்தால் அவள் வீட்டிலும் இரண்டு பெண்கள் இருந்திருப்பார்கள். ஆனால் அவள் செய்த சரியால் யார் வயிறும் நிறையவில்லை. மறுநாளும் தையல்நாயகி வீட்டில் உலை ஏறவில்லை.