தேவாங்கு குடித்த தண்ணீர்

உசிலங்காட்டுக்குச் சடையாண்டி என்ற உடும்புதான் நீதிபதி. அது எதையும் பிடித்தால் விடாது. சட்டத்தையும் அப்படித்தான் பிடித்துக்கொண்டிருந்தது. நல்ல உடும்புதான், பொய் சொல்லக் கூடாது. லஞ்சம் என்று ஒரு முட்டையைக்கூடத் தொட்டதில்லை. என்ன, கொஞ்சம் முறைப்பு ஜாஸ்தி!

அந்த வருஷம் கோடை கொளுத்தி எடுத்தது. காட்டில் மிஞ்சியது ஒரே ஒரு குட்டை. ராத்திரியில் யார் யாரோ இறங்கிப் புரண்டுவிட்டுப் போக, விடிந்து பார்த்தால் தண்ணீர் வெறும் சேறாகக் கிடந்தது. மிருகங்கள் எல்லாம் ஒரு நாள் உச்சி வெயிலில் கூடிப் பேசி ஒரு சட்டம் போட்டன. பொழுது சாய்ந்த பிறகு யாரும் குட்டையில் வாய் வைக்கக் கூடாது. மீறினால் காட்டை விட்டே போய்விட வேண்டும். கரையில் காவலுக்குக் கொம்பையன் என்ற காட்டுப்பன்றியை நிறுத்தின.

சட்டம் வேலை செய்தது. தண்ணீர் தெளிந்தது. முயலிலிருந்து காட்டெருமை வரை எல்லாம் பகலில் நிம்மதியாகக் குடித்தன.

ஒரு நாள் கொம்பையன் ஒரு தேவாங்கைத் தள்ளிக்கொண்டு சபைக்கு வந்தது.

"ஐயா, கையும் களவுமா பிடிச்சிட்டேன்! நேத்துப் பொழுது சாஞ்சதும் இந்தப் பவளாயி குட்டையில வாய் வெச்சுக் குடிச்சிட்டிருந்தது!"

பவளாயி எலும்பும் தோலுமாக இருந்தது. அதன் வயிற்றைக் கட்டிக்கொண்டு ஒரு குட்டி தொங்கியது. வெயிலில் கண்ணைத் திறக்க முடியாமல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு நின்றது, பாவம்.

"சபையில நின்னுக்கிட்டுத் தூங்கறியா? என்ன திமிர்!" என்று சீறியது சடையாண்டி.

"தூங்கலை சாமி. வெளிச்சம் கூசுது."

"தண்ணி குடிச்சியா, இல்லையா? அதைச் சொல்லு!"

"குடிச்சேன் சாமி. குட்டிக்குப் பால் வத்திப்போச்சு. மனசு கேக்கலை."

"பகல் பூரா குட்டை திறந்துதானே கிடக்கு! உன்னை யார் தடுத்தா?"

"யாரும் தடுக்கலை. பகல்ல எனக்குக் கண்ணு தெரியாது. நீங்க சட்டம் போட்ட அன்னிக்கும் நான் மரப்பொந்துல தூங்கிட்டிருந்தேன். என்கிட்ட யாரும் கேக்கலை சாமி."

"கதை விடறா பாருங்க!" என்றது கொம்பையன். "இவ்வளவு பெரிய கண்ணை வெச்சுக்கிட்டுத் தெரியாதாம்!"

கூட்டம் சிரித்தது. சடையாண்டிக்கும் நம்பிக்கை வரவில்லை. ஆனால் அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. தண்டனை சொல்வதற்கு முன்னால், குற்றம் செய்தவர் சொல்லும் காரணத்தை நீதிபதி தன் கண்ணாலேயே பார்த்துவிட வேண்டும்.

"சரி. குட்டை இதோ பக்கத்துலதான் இருக்கு. இப்பவே போய்க் குடி, பார்க்கறேன்!"

பவளாயி நடந்தது. முன்னங்கையால் தரையைத் தடவித் தடவிப் போய் நேராக முள் புதரில் முட்டியது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். திரும்பி வேறு பக்கம் போனது. அங்கே பாறை. கொதிக்கிற பாறையில் கை பட்டதும், குட்டிக்குச் சுட்டுவிடுமே என்று அதைக் கழுத்தோடு தூக்கி அணைத்துக்கொண்டது. அப்புறம் மெல்லக் குனிந்து, தண்ணீர் என்று நினைத்துக் காய்ந்த சேற்றில் வாய் வைத்தது.

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து மேலே வட்டமிட்ட பருந்து ஒன்று சடாரென்று கீழே இறங்கியது! பவளாயிக்கு அது தெரியவே இல்லை. சடையாண்டி விழுந்தடித்து ஓடித் தாயையும் குட்டியையும் தன் உடம்பால் மூடிக்கொண்டது. பருந்து ஏமாந்து பறந்துவிட்டது. உடும்பின் வயிற்றுக்கு அடியில் இரண்டு சின்ன இதயங்கள் படபடவென்று அடித்துக்கொண்டன.

"ஐயோ, உன்னைப் போய்க் காட்டை விட்டுத் துரத்த இருந்தேனே, தாயி!" என்றது சடையாண்டி.

கொம்பையனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "மன்னிச்சிடும்மா. நாளையிலேருந்து பகல்ல உன்னை நானே முதுகுல ஏத்திக்கிட்டு வந்து தண்ணி காட்டறேன். சட்டத்தையும் மீறின மாதிரி இருக்காது!"

"அடடா, தங்கமான யோசனை!" என்று கூட்டம் ஆரவாரம் செய்தது.

சடையாண்டி மட்டும் தலையை ஆட்டி மறுத்தது.

"உனக்கு நல்ல மனசு, கொம்பையா. ஆனா ஒரு நாள் உனக்கு உடம்பு சரியில்லேன்னா? இவ மேல உனக்குக் கோபம் வந்துட்டா? ஒரு வாய் தண்ணிக்காக இவ தினமும் உன் முகத்தைப் பார்த்துக்கிட்டு நிக்கணுமா? உனக்கு அப்படி ஒரு நிலைமை வந்தா ஒத்துக்குவியா?"

கொம்பையன் தரையைப் பார்த்தது. "மாட்டேன் ஐயா. எனக்கு என் கால்ல போய்க் குடிச்சாத்தான் குடிச்ச மாதிரி இருக்கும்."

"அப்போ சட்டத்தையே தூக்கிடலாமா?" என்று முயல் கேட்டது.

"வேண்டாம். அது இல்லேன்னா மறுபடியும் எல்லாரும் சேத்தைத்தான் குடிக்கணும். தப்பு எங்கே நடந்ததுன்னா, உச்சி வெயில்ல வர முடிஞ்சவங்க மட்டும் கூடிப் பேசிட்டு, எல்லாரும் பேசின மாதிரி நினைச்சுக்கிட்டோம். எனக்கும் புத்தி வரலையே!"

பிறகு சடையாண்டி நிமிர்ந்து நின்று தீர்ப்புச் சொன்னது.

"பவளாயி மேல குத்தம் இல்லை. பகல்ல கண்ணு தெரியாதவங்க பொழுது சாஞ்சதும் வந்து குடிக்கலாம். மத்தவங்களுக்குப் பழைய சட்டம்தான். குட்டைக்குள்ள இறங்கிப் புரளறது மட்டும் இனிமே எந்த நேரத்துலயும், யாருக்கும் கிடையாது!"

அன்று சூரியன் மறைந்ததும் பவளாயி மரத்திலிருந்து தானாகவே இறங்கி வந்தது. கரையில் நின்ற கொம்பையன் ஒதுங்கி வழி விட்டது. இந்த முறை பவளாயி யாருக்கும் பயப்படவில்லை. ஆற அமரக் குடித்தது, தாகம் தீரத் தீரக் குடித்தது. மறுநாள் குட்டிக்குப் பால் சுரந்தது. அது வயிறு முட்டக் குடித்துவிட்டு அப்படியே தாயின் மடியில் தூங்கிப்போனது.

ஒரு சட்டம் போடும்போது, அதன்படி நடக்க முடியாதவர் யாராவது இருக்கிறாரா என்று தேடிப் போய்க் கேட்பதே நீதி.