பொட்டு வைத்த வடிகட்டி

மெற்றில்டாவுக்கு வயது இருபத்தாறு. அவளுடைய சீடருக்கு ஐம்பத்தொன்பது. இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. அவளுக்கு மீன்தொட்டி தெரியும், அவருக்குத் தெரியாது.

தூத்துக்குடியில் துறைமுகம் போகிற சாலையில் ஒரு ஓட்டல். அதன் வரவேற்பறையில் கட்டில் நீளத்துக்கு ஒரு கடல்நீர்த் தொட்டி. உள்ளே ஒரே ஒரு மீன். கிளாத்தி. முதலில் ஒன்பது மீன்கள் இருந்தன. மற்ற எட்டையும் கடித்துக் கொன்றது இதுதான்.

சீடர் பெயர் ஆறுமுகநயினார். முப்பது வருடம் சுகாதார ஆய்வாளராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் உட்கார முடியாமல் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலையைக் கேட்டு வந்தார். இதுவரை அதைப் பார்த்துவந்த மெற்றில்டா மாதக் கடைசியில் கொச்சிக்கு வேறு வேலைக்குப் போகிறாள். அதற்குள் அவர் கற்றுக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் மீன் சமையற்கட்டுக்குப் போகும். மேனேஜர் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் என்ன மசாலா என்பது வரைக்கும் சொன்னார்.

முதல் நாள் நயினார் தொட்டியைச் சுற்றி வந்தார். கண்ணாடியின் உள்பக்கம் பச்சையாகப் பாசி.

“நத்தை விட்டா பாசியைத் தின்னுரும்லா, டீச்சர்?”

டீச்சர் என்று கிண்டலாகத்தான் கூப்பிட ஆரம்பித்தார்.

“விட்டுப் பாருங்க, அண்ணாச்சி.”

அவர் கடற்கரைக்குப் போய் ஆறு நத்தை பொறுக்கி வந்து விட்டார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் ஆறு ஓடுதான் இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

மெற்றில்டா நீளக் கைப்பிடி போட்ட பிரஷ்ஷை எடுத்து அவரிடம் கொடுத்தாள்.

“அந்த ஆறு பேரு வேலையும் இனி உங்களுக்கு.”

இறாலை இடுக்கியில் நீட்டுவது, தின்னாத மிச்சத்தைப் பத்து நிமிடத்தில் வெளியே எடுப்பது, ஓஸ் வைத்து அடிமண் அழுக்கை உறிஞ்சுவது எல்லாம் அவருக்குச் சீக்கிரம் பிடிபட்டது. ஒன்றுதான் உறுத்தியது. தொட்டிக்குக் கீழே வடிகட்டிப் பெட்டி. அதில் கல் துண்டுகள். கல் மேலெல்லாம் பழுப்பாக வழவழவென்று ஏதோ படிந்திருந்தது.

“இது என்ன டீச்சர், சாக்கடை மாதிரி?”

“அதுல கை வைக்காதீங்க.”

“ஏன்?”

“சொல்லுதேன். முதல்ல வைக்காதீங்க.”

பிறகு அவள் சொல்லவே இல்லை. அது அவள் தப்பு.

ஆயுத பூஜை சமயத்தில் சித்தி மகள் கல்யாணத்துக்கு மணப்பாடு போனாள். நாலு நாள் லீவு. இங்கே ஓட்டலில் எல்லாவற்றையும் கழுவினார்கள். கிரைண்டர், லிஃப்ட் கதவு, மேனேஜர் ஸ்கூட்டர். கழுவியதற்கெல்லாம் சந்தனம், குங்குமம். நயினாருக்குக் கை சும்மா இருக்கவில்லை. வடிகட்டியைத் திறந்தார். பிளீச்சிங் பவுடர் போட்டுக் கல் கல்லாகத் தேய்த்தார். வெயிலில் காயவைத்து, திரும்ப அடுக்கி, மூடிக்கு ஒரு பொட்டும் வைத்தார்.

மெற்றில்டா திரும்பி வந்தபோது தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருந்தது. கிளாத்தி மூலையில் சாய்ந்து கிடந்தது. செவுள் வேகமாக அடித்தது. வாய்க்கு நேரே இறாலை நீட்டினாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவள் குனிந்து வடிகட்டியைப் பார்த்தாள். பொட்டைப் பார்த்தாள்.

“கழுவுனீங்களா?”

“சுத்தமா.”

தொட்டித் தண்ணீரைச் சின்னக் குப்பியில் எடுத்து மருந்து சொட்டினாள். மஞ்சளாக இருக்க வேண்டிய தண்ணீர் கரும்பச்சையானது.

“அமோனியா. அது கழிச்சதே அதைக் கொல்லுது.”

“இத்தனை நாள் கொல்லலையே?”

“இத்தனை நாளும் அதைத் தின்னு தீர்க்க உள்ள ஆள் இருந்துச்சு. கண்ணுக்குத் தெரியாத உசுரு. அந்த வழவழப்புலதான் இருந்துச்சு.”

நயினார் குனிந்து மூடியைத் திறந்து வெளுத்துக் கிடந்த கல்லைப் பார்த்தார்.

“இந்த மீனு நத்தையைத் தின்னுச்சு. எட்டு மீனைக் கொன்னுச்சு. அதால கொல்ல முடியாத கூட்டாளி அந்த உசுரு மட்டும்தான், அண்ணாச்சி. அதை நீங்க தின்னுட்டீங்க.”

பேசிக்கொண்டிருக்க நேரம் இல்லை. அவள் அண்ணன் வள்ளத்தில் கொண்டுவந்து கொடுத்த கடல்தண்ணீர் கேன்கள் பின்பக்கம் இருந்தன. பாதித் தொட்டியை இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றினார்கள்.

“என் வீட்டுத் தொட்டியில நாலு வருசமா கிடக்குற கல்லு இருக்கு. பாதியை எடுத்துட்டு வாங்க. தண்ணிக்குள்ளயே வச்சு எடுக்கணும்.”

அவர் போனார். வாளி நிறையப் பழுப்புக் கல்லை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தார். வேட்டி நனைந்தது. ஆட்டோக்காரர் மூக்கைச் சுளித்தார்.

“என்ன அண்ணாச்சி, சாக்கடைக் கல்லையா சுமக்கீரு?”

“மெதுவாப் போவே. உள்ள ஆள் இருக்கு.”

கல் வடிகட்டிக்குள் போனது. இரண்டு நாள் மீனுக்குத் தீனி இல்லை. தினமும் தண்ணீர் மாற்றினார்கள். தினமும் குப்பியில் சொட்டு விட்டுப் பார்த்தார்கள். கரும்பச்சை இளம்பச்சை ஆனது. அதுவே பெரிய விஷயம்.

ஐந்தாம் நாள் நயினார் பாசி தேய்க்கும்போது பிரஷ் நழுவியது. எடுக்கக் கையை விட்டார்.

“டீச்சர்! கடிச்சிட்டு! டீச்சர், கடிச்சிட்டு!”

விரலில் இருந்து ரத்தம் சொட்டியது. மனுசன் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் மெற்றில்டாவுக்குக் கொச்சி பஸ். கிளம்பும்போது இடுக்கியை அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

“மேனேஜர் வேற ஆள் பாத்துக்கிடலாம்னு சொல்லுதாரு. நான் கொன்னுருப்பேன்லா. என்னையப் போயி நம்பி விட்டுட்டுப் போறீங்களே, டீச்சர்?”

இந்தத் தடவை டீச்சரில் கிண்டல் இல்லை.

மெற்றில்டா அவர் விரலில் இருந்த கட்டைப் பார்த்தாள். வடிகட்டி மூடியில் பொட்டு இன்னும் இருந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை.

“எதுல எல்லாம் கை வைக்கக் கூடாதுன்னு வேற யாருக்கு அண்ணாச்சி தெரியும்?”