நூல் கிடைக்கவில்லை

பல்கலைக்கழக நூலகத்தின் மூன்றாம் மாடியில், இணையவழி படிப்பவர்களுக்கென்று ஒரு சிறிய அறை. கேள்விகள் அங்கே திரையில் மட்டுமே வரும். கேட்பவருக்கு முகம் இருக்காது, கனவில் பேசுகிறவர்களைப் போல.

அறையின் பொறுப்பாளர் மெஹருன்னிசா. அவரிடம் வேலை கற்க வந்திருந்த இன்னாசிமுத்து, அவரைவிடப் பதினைந்து வயது மூத்தவர்.

ஒரு பிற்பகல் இன்னாசிமுத்து நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"எத்தனை தடவை சொன்னாலும் புரிஞ்சுக்காதவங்களுக்கு எப்படி மேடம் சொல்லித்தர்றது?"

"யாரு சார்?"

"செல்லமணின்னு ஒரு பொண்ணு. அஞ்சு மணிக்குள்ள ஆய்வுக்கு ஆதாரமா மூணு கட்டுரை காட்டணுமாம். இல்லேன்னா வருஷமே போச்சாம். எழுதுறதைப் பாருங்க."

மெஹருன்னிசா திரையைப் படித்தார்.

'நூல் பத்தி வேணும்ங்க.'

'நூலின் தலைப்பு, ஆசிரியர் பெயரைக் குறிப்பிடவும்.'

'நூலுக்கு ஏதுங்க ஆசிரியர்? அடிக்கடி அறுந்துபோகுது. ஏன்னு தெரியணும்.'

'சேதமடைந்த நூலை அருகிலுள்ள கல்வி மையத்தில் ஒப்படைக்கவும்.'

'வேண்டாம்ங்க. நான் படிப்பையே விட்டுடறேன்.'

இப்படி விட்டுப்போகிறவர்களைப் பல்கலைக்கழக அறிக்கை 'ஆர்வமின்மை' என்ற தலைப்பின்கீழ் சேர்த்துக்கொள்ளும்.

மணி நாலேகால். மெஹருன்னிசா தொலைபேசியை எடுத்தார். செல்லமணியின் எண்ணை அழைத்து, நூலகத்திலிருந்து பேசுவதாகச் சொல்லி, ஸ்பீக்கரைப் போட்டார்.

தடதடவென்று ஒரு சத்தம் அறைக்குள் புகுந்தது. இருபது முப்பது விசைத்தறிகள். அலமாரிகள் மெல்ல ஆடின. புத்தக முதுகுகளெல்லாம் சேர்ந்து ஒரே துணியாக ஓடத் தொடங்கியதுபோல இருந்தது.

"கேக்குதுங்களா மேடம்? தறி ஷெட்டுல நிக்கறேன்."

இன்னாசிமுத்து உட்கார்ந்தார். திரையில் இருந்ததை மறுபடி படித்துவிட்டுக் கேட்டார்.

"அந்த நூலாம்மா?"

"வேற எந்த நூலுங்க சார்?"

மெஹருன்னிசா விசைப்பலகையை அவர் பக்கம் நகர்த்தினார். அவர் 'நூல்' என்று போட்டார். நூலகமே வந்து நின்றது. தறியில் நீளவாட்டில் ஓடுவது என்று செல்லமணி சொன்ன 'பாவு நூல்' போட்டார். ஒன்றும் வரவில்லை. 'பருத்தி இழை' என்றதும் கட்டுரைகள் ஒவ்வொன்றாக மிதந்து மேலே வந்தன. செல்லமணி தறிச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, தலைப்புகளைப் படித்துப் பார்த்து மூன்றைப் பொறுக்கினாள்.

ஐந்துக்கு எட்டு நிமிடம் இருக்கையில், "அனுப்பிட்டேன், போயிருச்சுங்க சார்!" என்றாள். அழைப்பு நின்றது. அறை மிகவும் அமைதியாக இருந்தது.

இன்னாசிமுத்து பயிற்சிப் பதிவேட்டைத் திறந்து நிரப்பினார்.

கற்பித்தவர்: இன்னாசிமுத்து.
கற்றவர்: செல்லமணி.
பாடம்: நூல் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள்.

"சரியா இருக்கா மேடம்?"

மெஹருன்னிசா ஒருமுறை படித்தார்.

"பேர் ரெண்டும் இடம் மாறியிருக்கு, சார்."