முதுகில் தொங்கிய பதக்கம்

முன்னொரு காலத்தில் மணிக்குன்றம் என்ற நாட்டைப் பொன்வழுதி என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் காலையில் ஒன்று தோன்றும், சாயங்காலம் வேறொன்று தோன்றும். போர்க்களத்தை மட்டும் அவர் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

எல்லைப் போரில் படை ஜெயித்துத் திரும்பியதும் உத்தரவு போட்டார்: "மார்பில் காயம்பட்டவனுக்குப் பொற்பதக்கம்! முதுகில் காயம்பட்டவன் ஓடிப்போனவன். அவனுக்கு மொட்டை, வேலையும் கிடையாது!"

அடக் கடவுளே! முரசுக்காரன் வேம்பனுக்கு அம்பு தைத்தது முதுகில் அல்லவா? முடி போனால் வளர்ந்துவிடும். முரசைத் தொடவே விடமாட்டார்களே என்பதுதான் அவன் கவலை. முப்பது வருஷமாக அவன் அடித்த முரசு அது.

தளபதி மழவராயருக்கோ உள்ளூரக் குஷி. ஊர் திரும்பியபோது வீரர்கள் அவரை விட்டுவிட்டு, "வேம்பன் வாழ்க!" என்று கூவினார்களே, அந்த வயிற்றெரிச்சல்.

"மகாராஜா, படைக்கெல்லாம் முன்னால் எதிரியை நேருக்கு நேர் பார்த்து நின்றவன் நான். இவன் முதுகில் அம்பு தைத்ததை இந்தக் கண்ணால் பார்த்தேன்" என்றார் சபையில்.

"மகாராஜா, நான் ஓடலைங்க..." என்று தொடங்கினான் வேம்பன்.

"வாயை மூடு! நாவிதனைக் கூப்பிடுங்கள்!"

மந்திரி திருமேனியார் மெல்லக் கனைத்தார். "நாவிதன் வருவதற்குள் ஒரு சின்ன விளையாட்டு, மகாராஜா. நீங்கள்தான் எதிரி ராஜா. இந்தக் காவலர்கள் நம் படை."

ராஜாவுக்கு விளையாட்டு என்றால் கேட்க வேண்டுமா? மீசையை முறுக்கி, வாளை உருவி, "வாங்கடா பார்க்கலாம்!" என்று நின்றுகொண்டார்.

"வேம்பா, அன்று நின்ற மாதிரி நில்."

வேம்பன் காவலர்களுக்கு முன்னால் போய், அவர்கள் முகத்தைப் பார்த்து நின்றான். சபை பதறிப்போனது.

"என்ன திமிர்! எனக்கே முதுகு காட்டுகிறாயா?"

"எதிரி ராஜாவுக்குத்தானே காட்டுகிறான்" என்று சிரித்தார் மந்திரி. "ஏன் இப்படி நிற்கிறாய், வேம்பா?"

"சண்டைச் சத்தத்துல முரசு காதுல விழாதுங்க. என் கை ஓங்குறதைப் பார்த்துத்தான் படை நகரும். நான் எதிரியைப் பார்த்து நின்னா அவங்க எதைப் பார்ப்பாங்க?"

"தளபதியாரே, நீங்கள்?"

மழவராயர் விறைப்பாக வந்து, வேம்பனுக்கும் ஓரடி முன்னால் ராஜாவை முறைத்து நின்றார்.

"இவன் முதுகு தெரிகிறதா?"

தளபதி சட்டென்று திரும்பினார். "இதோ, தெரிகிறதே!"

"உங்கள் முதுகும் இப்போது எதிரிக்குத் தெரிகிறது. அம்பு உங்களைத் தாண்டி அவனை எப்படித் தைத்தது?"

மழவராயருக்கு வேர்த்துக் கொட்டியது. "நான்... பின்னால் சமையல் வண்டி பக்கம்... இவனுக்குக் கட்டுப் போடும்போதுதான் பார்த்தேன்..."

சபை குலுங்கிச் சிரித்தது. ராஜாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "தெரியாமல் பேசிவிட்டேன், வேம்பா" என்று பொற்பதக்கத்தை அவன் மார்பருகே கொண்டுபோனவர், சற்று யோசித்து, முதுகுப் பக்கம் தொங்கவிட்டார். "இதை எதிரி பார்க்கட்டும்!"

பிறகு தளபதியிடம், "அடுத்த போரில் இவன் எதிரே நின்று முரசைத் தாங்கிப் பிடியும். அப்போது உம் மார்பு எதிரிப் பக்கம்தான் இருக்கும். உமக்கும் ஒரு பதக்கம் கிடைக்காமலா போகும்?" என்றார்.

வேம்பன் சந்தோஷமாக வீட்டுக்கு நடந்தான். படை முழுக்க ஆரவாரித்துக்கொண்டு பின்னால் வந்தது. முப்பது வருஷமாக அவன் முகத்தையே பார்த்தவர்கள், அன்றுதான் அவன் முதுகைப் பார்த்தார்கள்.