குண்டூசி இல்லாத பூ

இந்தக் கதையை நம்புவதா வேண்டாமா என்று பல வருஷங்களாக முடிவுக்கு வர முடியவில்லை. சொன்னவர் குற்றாலிங்கம். கதையில் வருபவரும் அவரேதான். கதைக்குள் அவர் வாயடைத்துப் போகிறார். நேரிலோ, காபி கொஞ்சம் ஆறியிருந்தால் தம்ளரைத் தூக்கி எறிகிற மனுஷன். இருந்தாலும் அவர் சொன்னபடியே சொல்லிவிடுவதுதான் முறை.

கோத்தகிரிக்கு மேலே, மேகம் வந்து சன்னலில் முட்டுகிற உயரத்தில் ஒரு சின்ன ஆசிரமம். அதை நடத்தியவர் குற்றாலிங்கத்தைவிட வயதில் இளையவர். ஆனாலும் எல்லோருக்கும் அவர் அம்மாதான்.

குற்றாலிங்கம் தேயிலைத் தொழிற்சாலையில் இலை பார்த்து வாங்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். முற்றிய இலை, அழுகிய இலை என்று கழித்துக் கழித்தே பழகிய கை. அமைதி தேடி வந்த இடத்தில் அவருக்கு ஆகாத ஒரே ஆள் காத்தமுத்து.

காத்தமுத்து பழைய பஸ் கண்டக்டர். தியானத்தில் குறட்டை விடுவார். தட்டி எழுப்பினால், "இறங்குறவங்க இறங்கிக்கங்க" என்பார், கண்ணைத் திறக்காமலே. மொத்த ஆசிரமமும் சிரிக்கும். குற்றாலிங்கத்துக்கு மட்டும் காது மடல் சிவந்துவிடும்.

ஒருநாள் பொறுக்க முடியவில்லை. அம்மா பிரிம்ரோஸ் பூப்பாத்தியில் களை எடுத்துக்கொண்டிருந்தார். குற்றாலிங்கம் நேரே அவர் முன்னால் போய் நின்றார்.

"அம்மா, ஒரு முடிவு சொல்லுங்க. இங்க அந்த ஆள் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

"அவர் என்ன செஞ்சார்?"

"என்ன செய்யலை? அந்த ஆளை எதுக்கு இங்க வச்சிருக்கீங்க?"

அம்மா களைக்கொத்தைத் தரையில் எறிந்தார். அவருக்கும் கோபம் வரும்.

"சரி. இந்தப் பாத்தி இனி உங்களுது. இந்தப் பூச்செடி ஒவ்வொரு மழைக்காலமும் அழுகிப் போயிடும். விதை எடுத்து வச்சாத்தான் அடுத்த வருஷம் உண்டு. வேண்டாததைக் கழிங்க, விதை கொண்டாங்க. கொண்டாந்த அன்னிக்குக் காத்தமுத்துவை அனுப்பிடறேன்."

குற்றாலிங்கத்துக்கு அது போதும். கழிப்பது அவருக்குச் சொல்லித்தர வேண்டிய வேலையா?

சுருக்கம் சுருக்கமாக, தரையோடு ஒட்டிக் கிடப்பது பிரிம்ரோஸ் இலை. பக்கத்திலேயே அதே சாயலில் களையும் முளைக்கும். இலையைத் திருப்பி நரம்பைத் தடவிப் பார்த்தே களையை இனம் கண்டு பிடுங்கினார். நிழலுக்குத் தட்டி கட்டினார். மக்கிய இலை போட்டார். வெளிர் மஞ்சளில் பாத்தி நிறைந்து பூத்தது.

அப்போதுதான் அது கண்ணில் பட்டது. பாதிச் செடிகளில், பூவின் நடுக்குழியில் பச்சையாக ஒரு குண்டூசித் தலை தெரிந்தது. மீதிச் செடிகளில் அது இல்லை. குழியின் வாயில் மஞ்சள் பொடி மட்டும் அப்பியிருந்தது.

கலப்பு! விதையில் எவனோ கலப்படம் செய்திருக்கிறான்.

குண்டூசி இல்லாத செடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் குப்பைக்குழியில் எறிந்தார். காத்தமுத்து வந்து நின்றார்.

"அண்ணே, நல்லாத்தானே பூத்திருக்கு, பாவம்."

"உங்களுக்கு எல்லாமே நல்லாத்தான் இருக்கும். தராதரம் தெரிஞ்சாத்தானே!"

"பூவுக்குமா டிக்கெட் பரிசோதனை?"

குற்றாலிங்கம் கையில் இருந்த செடியை அவர் காலடியில் வீசினார்.

"சிரிங்க, சிரிங்க. இதுல விதை வந்த அன்னிக்கு உங்களை வெளியே அனுப்பறதா அம்மா வாக்குக் குடுத்திருக்காங்க."

காத்தமுத்து சிரிப்பை நிறுத்தினார். "அம்மாவா சொன்னாங்க?"

"அவங்களையே போய்க் கேளுங்க."

அவர் போய்க் கேட்கவில்லை. மறுநாள் காலை அவருடைய பாய் சுருட்டப்பட்டுச் சுவரோரம் நின்றது. மானாமதுரையில் தங்கச்சி வீட்டுக்குப் போவதாகச் சமையல்காரரிடம் சொல்லிவிட்டு முதல் பஸ்ஸில் போயிருந்தார்.

அன்று முதல் தியான அறையில் ஒரு சத்தமும் இல்லை. அம்மா குற்றாலிங்கத்தோடு பேசுவதையும் நிறுத்திவிட்டார்.

பூக்கள் வாடின. காம்பு நுனியில் காய் திரளும் என்று தினமும் போய்ப் பார்த்தார். ஒன்றும் திரளவில்லை. தொட்டால் பழுத்த காம்பு கையோடு வந்தது. பாத்தி முழுக்கத் தேடியும் ஒரு பொட்டு விதை கிடைக்கவில்லை.

காய்ந்த காம்புகளை அள்ளிக்கொண்டு போய் அம்மாவின் முன்னால் கொட்டினார்.

"என்ன பாத்தி குடுத்தீங்க எனக்கு? மலடு!"

"பிடுங்கி எறிஞ்சீங்களே, அதை எங்க?"

"அது கலப்பு."

"அது கலப்பு இல்ல. இந்தச் செடியில ரெண்டு விதம் உண்டு. குண்டூசி வச்ச பூவுல, வைக்காத பூவோட பொடி வந்து விழணும். அதுல இதோட பொடி விழணும். ஒரே விதமா எத்தனை நட்டாலும் காய்க்காது."

குற்றாலிங்கத்துக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "தெரிஞ்சேதான் குடுத்தீங்களா? நான் பிடுங்குறப்ப எங்க போனீங்க?"

"சன்னல்லதான் நின்னேன்."

"பார்த்துக்கிட்டா?"

"பார்த்துக்கிட்டுத்தான்."

"அப்ப ஏன் தடுக்கலை? அந்தச் செடி உங்களுக்கு என்ன பாவம் பண்ணுச்சு?"

"உங்களுக்கு என்ன பாவம் பண்ணுச்சுன்னுதான் நானும் யோசிச்சுக்கிட்டு நின்னேன்."

"என்னைப் பழி வாங்கிட்டீங்க!"

அம்மா எழுந்தார்.

"பாத்தி முழுக்க இப்ப நீங்க மட்டும்தான் நிக்கிறீங்க, குற்றாலிங்கம். போய்ப் பாருங்க. பிடிச்சிருக்கா?"

குற்றாலிங்கம் பதில் பேசவில்லை.

இந்த இடத்தில்தான் அவர் எப்போதும் கதையை நிறுத்துவார். கேட்டவர்கள் தலையாட்டுவார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அவரும் அந்த அமைதியில் கொஞ்ச நேரம் சுகமாக உட்கார்ந்திருப்பார். போன மாதம் எல்லோரும் எழுந்து போனபின், நான் அவரிடம் கேட்டே விட்டேன்.

"ஐயா, அன்னிக்குக் காத்தமுத்துவைத் தேடி மானாமதுரைக்கு பஸ் ஏறினீங்களா, இல்ல இந்தக் கதையைச் சொல்லிக்கிட்டு இங்கயே உக்காந்துட்டீங்களா?"