ஏழாவது நாவலில் ஒரு சந்தேகம்

தணிகாசலம் சாருக்கு வயது ஐம்பத்திரண்டு. கல்லூரியில் ஆங்கில ஆசிரியர். அமெரிக்க நாவல்களில் பெண்ணின் குரல் என்று எட்டு வருஷமாக ஆய்வு. அன்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் வழிகாட்டி கையெழுத்துப் போட்டால்தான் ஆய்வேடு பல்கலைக்கழகத்துக்குப் போகும். இல்லையென்றால் பதிவு ரத்து, எட்டு வருஷமும் வீண்.

வழிகாட்டி தில்லைக்கரசி மேடம் அவரைவிடப் பத்து வயது சின்னவர். அதனாலேயே மனுஷன் அவர் முன்னால் கொஞ்சம் விறைப்பாக உட்காருவார்.

நானூறு பக்கத்தை மேஜையில் வைத்துவிட்டு, ஒரு சந்தேகம் என்றார். வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் இதைத்தான் கிளறுவார்கள் என்று அவருக்குப் பயம். ஆய்வுக்கு எடுத்த பதினாறில் ஏழாவது நாவலில் கதாநாயகி புருஷனை விட்டுப் போய்விடுகிறாள். வீடு, கார், ஃபிரிட்ஜ் எல்லாம் இருக்கிறது. குடி கிடையாது, அடி கிடையாது.

"போறவ ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகக் கூடாதா மேடம்? அந்த ஆளுக்கு எப்படித் தெரியும்?"

மேடம் நன்றியுரைப் பக்கத்தைப் புரட்டினார். எல்லாரும் எழுதுகிற மாதிரி சாரும், பொறுமை காத்த மனைவி வேதவல்லிக்கு நன்றி என்று போட்டிருந்தார்.

"நாவலை நீங்க படிச்சீங்களா சார்?"

சார் நெளிந்தார். காலேஜ் வேலை தலைக்கு மேலே இருக்கிறது, வீட்டுக்காரி எம்.ஏ. இங்கிலீஷ், சும்மாதானே இருக்கிறாள், அவளே படித்துக் குறிப்பெல்லாம் எழுதித் தந்துவிடுவாள் என்றார். அதையும் பெருமையாகத்தான் சொன்னார். பதினாறு நாவலும் அப்படித்தானாம். அடக் கொடுமையே!

அப்போ அவங்களையே கேளுங்க என்றார் மேடம். சார் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது. கேள்வியைக் காதில் வாங்கிய வேதவல்லி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"சொல்லாம எங்கங்க போனா? மொத அத்தியாயத்துலேர்ந்து பதினோரு தடவை சொல்றா. அவன் ஒவ்வொரு தடவையும் 'ம்' கொட்டிட்டு பேப்பரைத் திருப்புறான். இதையே உங்ககிட்ட மூணு தடவை சொல்லிட்டேன்."

"ம், சரி சரி," என்று போனை வைத்தார் சார்.

மணி நாலே முக்கால். வேர்த்துக் கொட்ட, கையெழுத்து மேடம் என்று பேனாவை நீட்டினார். மேடம் அதை வாங்கி, மூடி போட்டு மேஜைமேல் வைத்தார்.

"அவங்க பாஸாயிட்டாங்க சார். நீங்க எப்போ படிக்க ஆரம்பிக்கிறீங்க?"